‘அந்த நாளு’க்கு முந்தைய நாட்கள்

வடபழனி ஆற்காடு சாலையில் ஏவி.எம். வாசலில் நிற்கும் உலக உருண்டையைத் தெரியாதவர்கள் சென்னையில் குறைவு. அந்த வளாகத்திலிருந்துதான் ‘அந்த நாள்’ வந்தது. 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியான படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பாட்டில்லாத பேசும்படம் என்று சினிமா வரலாறு எழுதுகிற எல்லோரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். இந்தியில் வாடியா நிறுவனம் 1937-லேயே ‘நௌஜவான்’ என்று அப்படி ஒன்றை எடுத்துவிட்டது. நம் பக்கம் அதற்கு இன்னும் பதினேழு வருடம் ஆயிற்று.

நான் எடிட்டிங் ரூமில் அசிஸ்டென்டாக வேலை பார்த்தவள். வெள்ளைக் கையுறை மாட்டி, பாசிட்டிவைக் கத்தரித்து, சிமெண்ட் தடவி ஒட்டிய காலம் அது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த எடிட்டர், ‘அந்த நாள்’ பேச்சு வந்தாலே கையில் இருக்கும் பிலிமைக் கீழே வைத்துவிடுவார். “பாட்டு வந்தா நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்மா. இதுல அந்த நிழலே கிடையாது” என்பார். ஆயிரம் அடி ரீல் திரையில் சுமார் பதினொரு நிமிடம் ஓடும். கதை தொய்கிற இடத்தில் ஒரு பாட்டைப் போட்டால் அந்தப் பதினொன்றில் நாலு நிமிடத்தைப் பாட்டே சுமந்துகொள்ளும். பாட்டை எடுத்துவிட்டால் ஒவ்வொரு நிமிடத்தையும் கதைதான் சுமக்க வேண்டும். பாட்டுக்காகவே டிக்கெட் வாங்கிய காலத்தில் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டவர்கள் இயக்குநர் எஸ். பாலசந்தரும் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரும். பாலசந்தருக்கு அப்போது வயது 27. பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்தவர் இவர்தான். சங்கீதமே உயிராக இருந்த மனிதர், கதைக்குத் தேவையில்லை என்று பாட்டை ஒதுக்கினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

கதை 1943 அக்டோபரில் நடக்கிறது. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது நிஜமாகவே அந்த மாதத்தில்தான். படம் வந்தபோது அந்தப் பீதியை அனுபவித்தவர்கள்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு விழுந்த மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் தன் வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. ஜனங்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நடிகர் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பிணமாகிவிடுகிறார். அதற்குப் பிறகு நாம் பார்க்கும் ராஜன், மற்றவர்கள் வாய்வழியாக வருகிற ராஜன் மட்டுமே.

சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் எழுதியவர். பக்கத்து வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜம், மனைவி உஷா என்று விசாரணை நகர்கிறது. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். தம்பி தன் சொந்த மனைவியையே சந்தேகப்படுகிறான். ஆளுக்கொரு பழைய சண்டையைச் சொல்ல, அது திரையில் விரிகிறது. எடிட்டிங் மேஜையில் இது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சொல்பவரின் முகத்தில் எந்த நொடி வெட்டிப் பழைய காட்சிக்குள் போவது, எந்த நொடி திரும்பி வருவது? நாலு பிரேம் தவறினாலும், இது யாருடைய நினைவு என்பதே ஜனங்களுக்குக் குழம்பிவிடும்.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்த தாக்கத்தில் பாலசந்தர் இந்தக் கதையை உருவாக்கினார். அதனால் சிலர் இதை ரஷோமானின் தமிழ் வடிவம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரஷோமானில் ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்பது கடைசிவரை நிலைக்காது. ‘அந்த நாளி’ல் ஆளுக்கொரு வேறு சம்பவத்தைச் சொல்கிறார்கள், அத்தனையையும் கோர்த்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. விடை கிடைத்தே தீர வேண்டும் என்பது துப்பறியும் கதைக்கும் வாசகருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைப் பாலசந்தர் ஜப்பானிலிருந்து கொண்டுவரவில்லை. அது தமிழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

ஜே.ஆர். ரங்கராஜு 1908-ல் ‘ராஜாம்பாள்’ எழுதினார். அவருடைய துப்பறியும் கோவிந்தன் தமிழ் வீடுகளுக்குள் செல்லப்பிள்ளை போல நுழைந்தார். அந்த நாவல் 1951-ல் இரண்டாம் முறை படமானபோது அதில் நடித்தவர்களில் ஒருவர் இதே பாலசந்தர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950-ல் எம்.என். நம்பியார் நடித்துத் திரைக்கு வந்தது. நாற்பது வருடமாகத் தமிழ் ஜனங்கள் ‘யார் செய்தது?’ என்று கேட்டுப் பழகியிருந்தார்கள்.

அந்தப் பழக்கத்தைப் பெண்களிடம் வளர்த்தவர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். வடுவூராரின் ஊக்கத்தில் நாவலுக்கு வந்தார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஆசிரியராக நின்று நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார். மொத்தம் 115 நாவல்கள். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் அன்னா கேத்தரின் கிரீன் என்ற பெண், ஷெர்லாக் ஹோம்ஸ் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1878-ல் துப்பறியும் நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். அவருக்குப் படிப்பு இருந்தது. கோதைநாயகிக்கு இருந்தது கதை கேட்க வந்து உட்கார்ந்த அக்கம்பக்கத்துப் பெண்களும், ஊக்கம் கொடுத்த கணவரும், சொந்தப் பிடிவாதமும்.

என் அத்தைப்பாட்டி ஜகன்மோகினி இதழ்களைக் கோணி ஊசியால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டு வைத்திருந்தார். அட்டையின் உட்புறம், இரவல் வாங்கிப்போன பெண்களின் பெயர்கள் பென்சிலில் வரிசையாக இருக்கும். அடுப்பங்கரை வேலை முடிந்து, ராந்தல் வெளிச்சத்தில் ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். புருஷன் சொல்வது நிஜமா, மாமியார் எதை மறைக்கிறாள், உயில் எங்கே போயிற்று என்று அவர்கள் தங்களுக்குள் தர்க்கம் செய்தார்கள். வீட்டுக்குள் நடப்பதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவும், காரணம் கேட்கவும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பயிற்சி அது.

சினிமாவிலும் வழி திறந்தாயிற்று. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸி’ன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை 1936-ல் ‘மிஸ் கமலா’ என்று தாமே இயக்கினார். தமிழ்ப் படம் இயக்கிய முதல் பெண் அவர். கோதைநாயகியின் ‘அனாதைப் பெண்’ 1938-ல் படமாயிற்று.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் ‘அந்த நாளி’ன் முடிவு முழுசாகப் புரியும். எழுபது வருடம் கடந்த படம், சொல்லிவிடலாம். ராஜன், தன் ஆராய்ச்சியை யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானியருக்கு உளவாளியானவன். அதைக் கண்டுபிடித்தவள் உஷா. தேசத்தை நேசிக்கிற படித்த பெண். கெஞ்சிப் பார்க்கிறாள், அவன் மசியவில்லை. துப்பாக்கி அவள் கையில்தான் வெடிக்கிறது. கல்லானாலும் கணவன் என்று திரும்பத் திரும்பச் சொன்ன தமிழ் சினிமாவில், கணவனின் குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல ஒரு மனைவி வந்தாள். உஷாவாக வந்த பண்டரிபாய் அதைக் கூச்சல் இல்லாமல் நடித்தார். பாட்டை எடுத்துவிட்டார்கள் என்பதைவிட எனக்குப் பெரிய முதல் இதுதான்.

படம் வசூலில் தோற்றது. ஆனால் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாலசந்தரும் இந்தப் பாதையை விடவில்லை. ‘பொம்மை’ எடுத்தார்; அகதா கிறிஸ்டியின் தாக்கத்தில் ‘நடு இரவில்’ எடுத்தார்.

முதலாவதாக வந்தவர்களைப் பட்டியல் போடும்போது, ஆளைத் தனியாகப் பிய்த்து நிறுத்திக் கைதட்டிவிடுகிறோம். அவருக்கு முன்னால் வாசகர்களைத் தயார் செய்தவர்கள் உதிர்ந்துபோகிறார்கள். ரங்கராஜுவும் கோதைநாயகியும் இல்லாவிட்டால், பாட்டு இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு விடைக்காகக் காத்திருக்கலாம் என்ற நம்பிக்கை வடபழனியில் யாருக்கும் வந்திருக்காது. ‘அந்த நாளை’ இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கொலைகாரர் யாரென்று தேடுங்கள். இரண்டாம் முறை சிவாஜியை விட்டுவிட்டு, பண்டரிபாய் முகத்தை மட்டும் பாருங்கள். பிறகு கோதைநாயகியின் ஒரு நாவலைத் தேடி எடுத்துப் படியுங்கள். உஷாவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் தடயம் இருக்கிறது.