வேகன்கள் வேண்டும், ஆலைகள் வேண்டாமா?

புது தில்லி: நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில்களுக்கு வழிவிடுவதற்காக 2022-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயில்களை ரயில்வே ரத்து செய்தது. அதே மே மாதத்தில், 24,177 சரக்கு வேகன்களைத் தயாரித்துத் தரும் சுமார் ரூ. 7,838 கோடி ஒப்பந்தம் கொல்கத்தாவைச் சேர்ந்த டிட்டாகர் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மற்றொரு தனியார் நிறுவனமான டெக்ஸ்மாகோ 20,067 வேகன்களுக்கான ஒப்பந்தத்தைப் பெற்றது.

இத்தனை வேகன்கள் தேவைப்பட்ட ரயில்வே, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தனக்குச் சொந்தமான இரண்டு பொதுத்துறை வேகன் நிறுவனங்களை மூடியிருந்தது என்பது பலருக்கும் நினைவில் இல்லை.

ஏற்பதும் மூடுவதும்

பிகாரின் முசாபர்பூரிலும் மொகாமாவிலும் இருந்த இரு நலிந்த தனியார் ஆலைகளை இணைத்து 1978-ல் உருவாக்கப்பட்டது பாரத் வேகன் நிறுவனம். கனரகத் தொழில் துறையின் கீழ் இருந்த இந்நிறுவனத்தை 2008-ல் ரயில்வே அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் பிகாரைச் சேர்ந்த லாலு பிரசாத்.

மேற்கு வங்கத்தின் பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வேர் 1781-ல் தொடங்கப்பட்ட பர்ன் நிறுவனத்தில் உள்ளது. ஹௌராவிலும் பர்ன்பூரிலும் அதற்கு வேகன் ஆலைகள் இருந்தன. சேலத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டியெடுத்து, உலைகளுக்கான தீச்செங்கல் தயாரித்த பிரிவும் அந்நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததைத் தமிழக வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். வேகன் ஆலைகளை 2010-ல் ரயில்வே ஏற்றது. சேலம் பிரிவு 2011-ல் 'செயில்' வசம் சென்றது. 2010-ல் ரயில்வே அமைச்சராக இருந்தவர், மேற்கு வங்கத்தைச் சேர்ந்த மம்தா பானர்ஜி.

பாரத் வேகனை மூட 2017 ஆகஸ்டிலும், பர்ன் ஸ்டாண்டர்டை மூட 2018 ஏப்ரலிலும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொடர் நஷ்டமும் மீட்சிக்கு வாய்ப்பின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. பர்ன் ஸ்டாண்டர்டின் ஊழியர் இழப்பீட்டுக்கும் நிலுவைக் கடன்களுக்குமாக ரூ. 417.10 கோடி ஒதுக்கப்பட்டது. எஞ்சியிருந்த 508 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டனர்.

ஒரே வாடிக்கையாளர்

நஷ்டக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அந்த நஷ்டம் எவ்வாறு விளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் வேகன்களைப் பெருமளவில் வாங்கும் ஒரே வாடிக்கையாளர் ரயில்வேதான். வடிவமைப்பை முடிவு செய்வது ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு. சக்கரங்கள், பேரிங்குகள் போன்ற முக்கியப் பாகங்களை ரயில்வேயே ஆலைகளுக்கு வழங்கும் முறை நெடுங்காலம் இருந்து வந்தது. அவை வந்து சேரத் தாமதமானால் உற்பத்தி நிற்கும். ஊதியச் செலவு மட்டும் நிற்காது. ஓராண்டு குவிந்து, மறு ஆண்டு வற்றும் ஆர்டர்களைத் தாங்கும் முதலீடு தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. பழைய இயந்திரங்களோடும் கடன் சுமையோடும் தள்ளாடிய பொதுத்துறை ஆலைகளிடம் அது இல்லை.

வாடிக்கையாளரே உரிமையாளராகிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்பதே 2008, 2010 முடிவுகளின்போது தொழிலாளர்களுக்கு எழுந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது என்று கூறிவிட முடியாது. பர்ன் ஸ்டாண்டர்டுடன் அதே 2010-ல் ரயில்வேயின் கீழ் வந்த கொல்கத்தாவின் பிரெய்த்வெயிட் நிறுவனமும் நலிவுற்றதாகவே இருந்தது. அது மீண்டெழுந்து, லாபம் ஈட்டி, 'மினிரத்னா' தகுதியையும் பெற்றது. வேகன் தயாரிப்போடு நில்லாமல், வேகன் பராமரிப்பு, பாலப் பணிகள் எனத் தொழிலை விரித்துக்கொண்டது அதற்குக் கைகொடுத்தது.

யார் பொறுப்பு?

தேசிய ரயில் திட்டத்தின்படி, நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் சுமார் 27 சதவீதமாகக் குறைந்துவிட்ட ரயில்வேயின் பங்கை 2030-க்குள் 45 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. லாரிகளிடம் இழந்த சரக்கை மீட்க வேண்டுமானால் தண்டவாளம் மட்டும் போதாது, வேகன்களும் வேண்டும்.

தனியார் ஆலைகள் அவற்றைத் தயாரித்துத் தரும் என்பது உண்மையே. எனினும், அமைச்சரின் மாநிலத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் ஆலையை ஏற்பதும், அமைச்சர் மாறியபின் அதை நஷ்டக் கணக்கில் எழுதி மூடுவதும் தொழில் கொள்கை ஆகாது. ஏற்றபோது புதிய இயந்திரங்களுக்கு எவ்வளவு முதலீடு, ஆண்டுக்கு எத்தனை வேகன்களுக்கு உத்தரவாதம் என்று வரையறுத்து, அதன் நிறைவேற்றத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கண்காணித்திருக்க வேண்டும். பிரெய்த்வெயிட் பிழைத்தது, மற்ற இரண்டும் பிழைக்கவில்லை. ஒரே உரிமையாளரிடம் இருந்த மூன்று நிறுவனங்களுக்கு நேர்ந்த இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் அளிக்கும் கடமை, ஆலைகளை ஏற்ற அரசுக்கும் உண்டு. மூடிய அரசுக்கும் உண்டு.