இரு சபைகளுக்கு இடையே இடறிய மசோதா

வில்லியனூரிலே தெருவிளக்கு எரியவில்லை. பாகூரிலே வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. யாரிடம் முறையிடுவது? நாம் ஓட்டுப் போட்டு அமர்த்திய கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினரிடம்! அதுதான் முறை. அந்த முறை வந்த கதையைக் கேளுங்கள் தோழர்களே!

பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கும் 64-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா 1989-இல் லோக்சபையில் நிறைவேறிற்று. அக்டோபரில் ராஜ்யசபைக்குப் போயிற்று. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டாமல் வீழ்ந்தது. சாதாரண மசோதாவானால் இரு சபைகளையும் ஒன்றாகக் கூட்டி முடிவு காணலாம். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி இல்லை. ஒவ்வொரு சபையும் தனித்தனியே ஒப்ப வேண்டும்.

மாநிலங்களைத் தாண்டி மத்திய அரசு கை நீட்டுகிறது என்றனர் எதிர்த்தோர். அதில் நியாயம் உண்டு. அந்தத் தடையை நாம் குறை கூறோம். 1992 டிசம்பரில் வேறொரு மசோதா இரு சபைகளிலும் தேறிற்று. 1993 ஏப்ரல் 24-இல் நடப்புக்கு வந்தது.

சபைகளுக்கு இடையே போனது மூன்றாண்டு. சட்டமான பிறகு? 1968-இல் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்ட புதுவை மக்கள், மறுபடி ஓட்டுப் போட்டது 2006-இல்! அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. பத்தாண்டு கடந்தும் தேர்தல் வரவில்லை.

மேல்சபை மறுத்தால், மறுத்தவர் யார், காரணம் என்ன என்று ஏட்டிலே இருக்கும். தேர்தலையே நடத்தாது விட்டால் எந்த ஏட்டைப் புரட்டுவது? ஓட்டுக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி இதுவாகட்டும்: எங்கள் கொம்யூனுக்குத் தேர்தல் எப்போது?