உடம்பு உழைத்தால் மனசு தாங்கும்

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வரப் பத்து நிமிஷம் தாமதமானால் நெஞ்சு படபடக்கிறது. யாரோ சொன்ன ஒரு சொல் ராத்திரி முழுக்கத் தூங்க விடுவதில்லை. பால் பொங்கி வழிந்ததற்குக்கூடக் கண்ணில் நீர் முட்டுகிறது. "எனக்கு மனோதைரியமே போதாது" என்று அலுத்துக் கொள்ளாத குடும்பத்தலைவிகள் குறைவு. மனோதைரியம் பிறவியிலேயே வரவேண்டிய ஒன்று என்று நினைக்கிறோம். அப்படியில்லை, சகோதரிகளே. கோலம் போடக் கை பழகுகிற மாதிரி, அதையும் பழக்கத்தால் கொண்டு வரலாம். அதற்கு நல்ல வழி உடற்பயிற்சி.

எப்படி என்கிறீர்களா?

பயம் வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. வேகமாக நடக்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. ஆனால் நடையை நிறுத்திச் சற்று உட்கார்ந்தால் எல்லாம் தானாக அடங்கி விடுகிறது. தினமும் இப்படிப் பழகியவளுக்கு, படபடப்பு வந்தால் போய்விடும் என்பது அனுபவத்தில் தெரிந்துவிடுகிறது. நிஜமான கஷ்டம் வரும்போது, "ஐயோ, எனக்கு என்னமோ ஆகிறதே!" என்ற இரண்டாவது பயம் வந்து சேருவதில்லை. ராத்திரித் தூக்கமும் நன்றாக வரும். தூங்கி எழுந்தவளுக்குப் பாதிப் பிரச்னை சின்னதாகத் தெரியும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மனச்சோர்வு நோயுள்ள, ஐம்பது வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 156 பேரில் சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு மருந்து, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால், மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மருந்து மட்டும் ஆரம்பத்தில் சற்றுச் சீக்கிரம் வேலை செய்தது. அதற்காக, டாக்டர் கொடுத்த மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவருக்குத் திடீரென்று வேலை போய்விட்டது. இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் நான் நடக்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போனேன். முதல் வாரம் வழியெல்லாம் அழுகைதான். ஒரு மாதம் போனதும், "அக்கா, பரண்மேல கிடக்கிற தையல் மிஷினை இறக்கலாம்னு இருக்கேன்" என்றாள். கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அதை நின்று பார்க்கத் தெம்பு வந்திருந்தது.

"வீட்டு வேலையே போதாதா?"

மூச்சு வாங்கத் துணி துவைப்பதும், வீடு துடைப்பதும் உடம்புக்குக் கணக்கில் சேரும்தான். ஆனால் கை துடைக்கும்போதே மனசு அடுத்த வேலைக்கு ஓடுகிறது. நடை நமக்கே நமக்கான நேரம்.

எவ்வளவு செய்யலாம்?

* உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்தால் சரியாகிவிடும். பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தும் நடக்கலாம்.
* நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.
* வாரம் இரண்டு நாள் தசைகளுக்கும் வேலை கொடுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரலாம். சுவரில் கை வைத்துத் தள்ளலாம்.
* கர்ப்பிணிகளும், பிரசவமானவர்களும், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். சிசேரியன் ஆனவர்கள் அவசரப்படவே வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், குழந்தைமேல் ஒட்டுதல் வராவிட்டால், வாழவே பிடிக்காவிட்டால், நடை மட்டும் போதாது. உடனே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாகப் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்கள் நாளைக்கே ஆரம்பிக்கலாம். புதுச் செருப்பு, புதுச் சுரிதார் என்று காத்திருக்க வேண்டாம். தெருக்கோடி வரை போய் வந்தால் முதல் நாளைக்கு அதுவே தாராளம். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். துணை இருந்தால் மழைக்காலத்தில்கூடப் பழக்கம் விட்டுப்போகாது.