ஸ்பெயினுக்குப் போக விழுப்புரத்தில் இறங்கவும்!

விழுப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன். அர்த்தராத்திரியில் 'டீ... காபி...' சத்தம் கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிற இடம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பைபாஸ், ஒரு டோல்கேட். திண்டிவனம்? சென்னையிலிருந்து வரும்போது அதற்கு முந்தின தூக்கம். அவ்வளவுதான்!

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் லீவு போட்டு, லோன் போட்டு ஸ்பெயினுக்குப் போய் வந்தார். லஞ்ச் டைமில் செல்போனை எடுத்துப் படம் காட்ட ஆரம்பித்தார் பாருங்கள்... எங்கள் தயிர்சாதம் காய்ந்தே போய்விட்டது. ''இது ஆதிமனுஷன் குகை ஓவியம்... இது மலைமேல கோட்டை... இது மியூசியம்... இது நான் சாப்பிட்டது... இது சாப்பிட்டு முடிச்சப்புறம் தட்டு!''

ஸ்பெயின் பார்க்க வேண்டிய தேசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் குகை, ஓவியம், கோட்டை, சாப்பாடு... இந்த நாலும் நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கே சார்! விசா வேண்டாம். ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு பைக் போதும். பக்கத்து சீட் மதுரைக்காரத் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பறவை மூஞ்சி மாப்பிள்ளை

ஸ்பெயினில் அல்தமீரா என்று ஒரு குகை. 1879-ல் அதன் கூரையில் காட்டெருமை ஓவியங்களைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, 'சும்மா கதை விடாதே' என்று பெரிய பெரிய அறிஞர்களே கேலி செய்தார்கள். நிஜம்தான் என்று ஒப்புக்கொள்ள 1902 ஆகிவிட்டது.

நம்ம ஊர் குகை ஓவியத்துக்கு விழுப்புரம் - திருக்கோவிலூர் ரோட்டில் போக வேண்டும். ஊர் பெயர் கீழ்வாலை. பாறையில் செங்காவி நிறத்தில் மனித உருவங்கள். மூஞ்சி மட்டும் பறவை மாதிரி! ஒருத்தர் குதிரை மாதிரி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். இன்னொருத்தர் கையைத் தூக்கி 'வாங்க, வாங்க' என்கிறார்.

''மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு சார்!'' என்றான் தம்பி. பத்திரிகை அடிக்காத காலத்துக் கல்யாணம்!

சிமென்ட் இல்லாத வீடு

அங்கிருந்து செஞ்சி ரோட்டைப் பிடித்தால் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தான். வாசலில் இரண்டு பக்கமும் கம்பீரமாகத் துவாரபாலகர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் இதைக் கட்டியதாக அங்கே கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக் கொண்டிருக்கிறான்.

விஷயத்தைக் கேட்ட தம்பி பெருமூச்சு விட்டான். ''இந்த டெக்னிக் தெரிஞ்சிருந்தா ஹவுசிங் லோனே வாங்கியிருக்க மாட்டேன் சார்!''

அடுத்தது பனமலை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் குன்றின்மேல் இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் இவன்தான். இங்கே ஒரு துணைச் சந்நிதிச் சுவரில் நிற்கிறாள் பார்வதி. தலையில் கிரீடம், மேலே குடை, ஒரு காலை மடித்து ஒய்யாரமாகச் சாய்ந்து, தலையை லேசாகச் சாய்த்து... அடேயப்பா! ஸ்பெயினின் பிராடோ மியூசியத்தில் கூட்டம் முண்டியடிக்கிற வெலாஸ்கஸின் ராஜகுமாரி ஓவியம் 1656-ல் வரைந்தது. நம்ம அம்மன் அதற்கு ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் மூத்தவள்.

அவள் அப்படி என்ன பார்க்கிறாள் தெரியுமா? சிவன் ஆடுவதை. பக்கத்துச் சுவரில் அந்த ஆட்டத்தையும் வரைந்திருந்தார்கள். அது கிட்டத்தட்ட முழுசாக அழிந்துவிட்டது. ஆடுகிறவர் போய்விட்டார். ரசிகை மட்டும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கலகலவென்று வந்த தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எட்டு வருஷ முற்றுகை

ஞாயிறு காலை செஞ்சி. வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டை நம்மை ஜெயித்துவிடும். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் படை 1690-லிருந்து எட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்தது. 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் எஸ்கேப்! தேசிங்குராஜன் கதை உங்களுக்கே தெரியும். 1714-ல் போரில் உயிரை விட்டபோது அவனுக்கு இருபத்திச் சொச்சம் வயசுதான். அந்த வயசில் நாமெல்லாம் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருந்தோம்!

ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு யுனெஸ்கோ அந்தஸ்து 1984-ல் கிடைத்தது. செஞ்சிக்கு 2025-ல், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

கடலை போட வாங்க!

திண்டிவனம் போகிற வழியில் ரோட்டோரம் ஓர் அம்மா ஆவி பறக்க எதையோ படியில் அளந்துகொண்டிருந்தார். ''மல்லாட்டை தம்பி, இப்பதான் எறக்குனேன்.''

மதுரைக்காரன் விழித்தான். ''மல்லாட்டைன்னா?''

''இதுகூடத் தெரியாதா? வேர்க்கடலைதாம்பா!''

இங்கேதான் நிஜமான ஸ்பெயின் வருகிறது. வேர்க்கடலைக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஸ்பானியர்கள் அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் தலைநகரம் அங்கே மணிலா. மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் நம்ம ஜனங்களின் நாக்கில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆனது! ஸ்பெயின் சரித்திரத்தைப் படியில் அளந்து விற்கிறார் அந்த அம்மா.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 1940-ல் வந்த டி.எம்.வி.2 ரகக் கடலை ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பயிரானது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம்! இந்த ஊர் பெயருக்கே புளியங்காடு என்று அர்த்தம். ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுபோனது அந்தப் புளியைத்தான். அங்கே அதற்கு 'தமரிந்தோ' என்று பெயர். கடலைக்குப் புளி, சரியாப் போச்சு!

கடைசியாக ஒன்று. அல்தமீராவில் கூட்டம் விட்ட மூச்சுக் காற்றிலேயே ஓவியம் கெட ஆரம்பித்ததால் 1977-ல் குகையை மூடினார்கள். இன்று பெரும்பாலோர் பார்ப்பது 2001-ல் திறந்த நகலைத்தான். அங்கே மூச்சுக்கே பயப்படுகிறார்கள். இங்கே செஞ்சிச் சுவரில் ஆணியால் ஹார்ட் போட்டு, அம்பு விட்டு, காதலி இனிஷியலும் எழுதியிருக்கிறார்கள் நம்ம பசங்க. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தை விடுங்கள் பிரதர். சிவன் போன பிறகும் பனமலையில் ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கிறாளே... அவளையாவது விட்டு வைப்போம். காதலைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள். கையில் ஒரு படி மல்லாட்டையோடு!