தில்லி அஞ்சலின் பழைய குரல்கள்

பழைய வானொலி நிகழ்ச்சிகளைத் தேடியெடுத்துச் சிறப்பு ஒலிபரப்பாக மீண்டும் வழங்கும் முயற்சி, எது நாடாவில் எஞ்சியிருக்கிறது, எது காற்றோடு போயிற்று என்ற கேள்வியிலேயே தொடங்குகிறது. யமுனையின் கிழக்குக் கரையில், தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் மயூர் விஹாருக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது. ஏனெனில் தமிழ்நாட்டின் காலைப்பொழுதோடு நெடுங்காலம் ஒன்றிக் கிடந்த அகில இந்திய வானொலியின் 7.15 மணிச் செய்தி, தில்லித் தமிழர்களால் எழுதப்பட்டு, தில்லியிலிருந்தே வாசிக்கப்பட்டது.

ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை மற்றொரு நிலையம் வாங்கி உடனுக்குடன் பரப்புவதற்கு வானொலியில் ‘அஞ்சல்’ என்று பெயர். அஞ்சலுக்காகத் தில்லிச் செய்தியை ஏந்திவந்த சிற்றலை, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வது. அவ்வடுக்கு கணந்தோறும் மாறுவதால், சிற்றலை வழியே வந்த தில்லிக் குரல் ஏறியும் இறங்கியும், இரைச்சலில் அமிழ்ந்து மீண்டும் ஒலித்தது. பின்னாளில் நாடக, திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற பூர்ணம் விஸ்வநாதன் 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்ததும், 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமி தம் பெயரைச் சொல்லிச் செய்தியைத் தொடங்கிய பாங்கும் அந்த மரபுக்கு உரியவை.

1947 நவம்பர் 12 அன்று காந்தியடிகள் தில்லி நிலையத்துக்கு வந்து ஆற்றிய உரை பாதுகாக்கப்பட்டுள்ளது. அன்றாடச் செய்தியோ நேரலையில் வாசிக்கப்பட்டு அன்றோடு முடிந்தது. விலைமிக்க நாடாவை அழித்து மறுபடி பதிவதும் உலக வானொலி நிலையங்களின் பொதுவழக்கமாக இருந்தது. மக்கள் நாள்தோறும் கேட்ட குரலே அரிதாகிப்போனது பெரும் இழப்பு.

எஞ்சிய நாடாவையும் உடனே ஓட்டிவிட இயலாது. கால் அங்குல அகலமுள்ள அந்த நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை, சில வகைகளில், ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுவதால், ஓட்டும்போது துகள் உதிர்ந்து ஒலியும் அழிகிறது. எனவே அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்திய பின்னரே எண்ம வடிவுக்கு மாற்றுவர். சட்டமும் கவனிக்கத்தக்கது: ஒலிபரப்பின் மீது நிலையத்துக்குள்ள உரிமை 25 ஆண்டுகளே என்றாலும், அதிலுள்ள நாடகத்தின் உரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது.

2016 ஜனவரி 26 அன்று தொடங்கிய ‘ராகம்’ அலைவரிசை, காப்பகத்திலுள்ள செவ்விசைப் பதிவுகளுக்கு மீண்டும் செவிகளைத் தேடித் தந்தது. பேச்சுக்கும் செய்திக்கும் அத்தகைய இடம் வேண்டும். அப்போது அறிவிப்பு, நேரக்குறி ஒலி, தடங்கலுக்கு வருந்தும் வாசகம் ஆகியவற்றை வெட்டாமல் வழங்குவதே நேர்மை, ஏனெனில் பாடலை வேறெங்கும் கேட்கலாம், இவற்றைக் கேட்க முடியாது.

நிலையத்தில் இல்லாதது வீட்டு அலமாரியில் இருக்கக்கூடும். வானொலியிலிருந்து பதிந்த கேசட் கிடைத்தால், ஓட்டுவதற்கு முன் அதன் முதுகு விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட வேண்டும். அவை இல்லாத கேசட்டில், பதிவுப் பொத்தான் கைதவறி அழுத்தப்பட்டாலும், புதிய ஒலி பழையதன்மேல் ஏறாது.