கோயம்புத்தூர்ல ஒரு குட்டிக் கடல்: தொட்டி வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய பிளான்

இன்னைக்கு எபிசோடு, வீட்ல சின்னதா ஒரு கடல் தண்ணித் தொட்டி வைக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டி, நடுவுல ஒரே ஒரு பாறை அடுக்கு, ரெண்டு க்ளவுன் மீன். அவ்ளோதான். யூடியூப்ல பார்த்தா ஒரு ஞாயித்துக்கிழமை போதும்னு தோணும். ஆனா அந்த வீடியோ பலதும் வெளிநாட்டுல எடுத்தது. அங்க கடையில சாதாரணமா விக்கற சில பொருளை இங்க கையில வச்சிருக்கறதே குத்தம். அங்க தண்ணிய சூடு பண்ண ஹீட்டர் வாங்கறாங்க, நமக்கு ஏப்ரல் மாசம் தண்ணிய எப்படி ஆத்தறதுங்கறதுதான் கவலை. அதனால நம்ம ஊருக்குன்னு தனியா ஒரு பிளான் வேணும். நான் போட்டு வச்சிருக்கறதச் சொல்றேன்.

முதல்ல சட்டம்

பவளம்ங்கறது கல் இல்ல, செடியும் இல்ல. குட்டிக் குட்டி உயிரினங்க கூட்டமா வாழ்ந்து, சுண்ணாம்பால கட்டற வீடு. இப்படிப் பாறை கட்டற பவளங்களை 2001ல நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. புலி இருக்கற அதே அட்டவணை. கடல் விசிறியும் அதுலயே வந்துச்சு. கடல் குதிரை, கடல் அட்டைக்கும் இதே சட்டத்துல பாதுகாப்பு உண்டு. செத்த பவளம்தானே, அலங்காரத்துக்குத்தானேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஜெயில் வரைக்கும் போற விஷயம்.

இவ்ளோ கெடுபிடி எதுக்குன்னு கேட்டா, பதில் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. மன்னார் வளைகுடாவுல ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு இருந்துச்சு. 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. ஆனா அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்துட்டு இருந்தாங்க. அலையைத் தடுக்கற பாறை போனா மண்ணு நிக்காது இல்லீங்களா? விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. கடைக்காரர் லைவ் ராக்னு எடுத்து வைக்கற கல்லு பல நேரம் கடல்ல இருந்து பேர்த்த பவளத் துண்டுதான். அந்த ரெண்டு தீவை நினைச்சுட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க.

அப்போ உள்ள என்னதான் வைக்கறது?

பாறைக்கு, செராமிக்லயோ சிமெண்ட்லயோ செஞ்ச ஓட்டை ஓட்டையான செயற்கைக் கல் போதும். பாக்டீரியா குடியிருக்க இடம் வேணும், அவ்ளோதான். மீனுக்கு, பண்ணையில பொரிச்சு வளர்த்த க்ளவுன் குஞ்சுதான் வேணும்னு கேளுங்க. 1947ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், க்ளவுன் மீனைத் தொட்டியிலயே முட்டையிட வச்சு வளர்க்கற முறையை உருவாக்கியிருக்கு. அதனால கடல்ல புடிச்சதுதான் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு சின்ன மீனா வாங்கினா அதுவே ஜோடி ஆயிக்கும். பிறக்கறப்போ எல்லாமே ஆண், பெருசா வளர்றது பெண்ணா மாறிடும். ஒழுங்கா வளர்த்தா 10 வருஷத்துக்கு மேல இருக்கும். கல்யாணம், வீடு மாறறது, பெங்களூர் வேலைன்னு உங்க அடுத்த 10 வருஷத்தையும் சேர்த்து யோசிங்க.

பவளம் மாதிரி ஏதாவது வேணும்னா சுண்ணாம்பு எலும்பு இல்லாத மஷ்ரூம், ஜோவாந்திட் வகைகள் இருக்கு. தொட்டியில வளர்த்துப் பிரிச்சதான்னு கேட்டு, பில்லோட வாங்குங்க. சில ஜோவாந்திட்ல கடுமையான விஷம் உண்டு. கையுறை இல்லாம தொடாதீங்க. அது ஒட்டியிருக்கற கல்லைச் சுத்தம் பண்றேன்னு கொதிக்க வைக்கவே வைக்காதீங்க, அந்த ஆவியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்.

தண்ணிக் கணக்கு

60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 35 உயரம். மொத்தம் 84 லிட்டர். மேல விடற இடைவெளி, கல்லு எல்லாம் போக 70 லிட்டர் தண்ணி நிக்கும். கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்தா 100 கிலோவைத் தாண்டும், சாதாரண கம்ப்யூட்டர் டேபிள் தாங்காது.

சிறுவாணித் தண்ணி நமக்கு அமிர்தம். ஆனா தொட்டிக்கு அதுவும் நேரா ஆகாது, குளோரின் இருக்கும். போர் தண்ணி சுத்தமா வேண்டாம். வீட்டு ஆர்ஓ மெஷின்ல ருசிக்காகக் கொஞ்சம் உப்புத் தண்ணியைக் கலந்து விடுவாங்க. டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாருங்க, பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். இந்தத் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கற மாதிரி ரீஃப் சால்ட் கலக்கணும். 70 லிட்டருக்கு சுமார் இரண்டரைக் கிலோ. சமையல் உப்பு இதுக்கு ஆகாது.

ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயேதான் நிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள 7 லிட்டர் குறைஞ்சா, 35 கிட்டத்தட்ட 39 ஆயிடும். அதனால தினமும் குறையறதை நல்ல தண்ணியால நிரப்பணும், உப்புத் தண்ணியால இல்ல. வாரம் ஒருக்கா 7 லிட்டர் எடுத்துட்டு புது உப்புத் தண்ணி. ரெண்டே மீன்ங்கறதால பெரிய ஃபில்டர் செட்டப் எதுவும் தேவைப்படாது.

சூடும் கரண்டும்

பவளத்தோட உடம்புக்குள்ள நுண்பாசி குடியிருக்கும். சாப்பாட்டுல பெரும்பங்கு தர்றது அதுதான். சூடு ஏறினா அந்தப் பாசி வெளிய போயிடும், பவளம் வெளுத்துடும். மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் இப்படிப் பெரிய அளவுல வெளுத்துச்சு. அவ்ளோ பெரிய கடலுக்கே அந்த நிலைமைன்னா, 70 லிட்டருக்குச் சொல்லவா வேணும்? 25ல இருந்து 27 டிகிரிக்குள்ள வச்சுக்கணும். தண்ணி மேல படற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வச்சா 2, 3 டிகிரி இறங்கும். காத்துல ஈரம் அதிகமா இருக்கற நாள்ல அந்த அளவுக்கு இறங்காது. அதுக்கும் மேலன்னா சில்லர் வாங்கணும். அந்தச் செலவை முதல்லயே பட்ஜெட்ல எழுதிடுங்க.

மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்குப் போற கரண்ட் சாயங்காலம்தான் வரும். பம்பு செய்யற ஊர்ல இருந்துட்டு பம்பு நின்னு மீன் செத்துச்சுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? தொட்டிக்குள்ள தண்ணியச் சுத்த விடற சின்ன பம்புக்குக் கொஞ்ச வாட்டே போதும், இன்வெர்ட்டர்ல போட்டுடுங்க. இன்வெர்ட்டர் இல்லாதவங்க பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு கையில வச்சுக்குங்க.

அவசரப்படாதீங்க

எல்லாம் தயாரான உடனே மீன் விடக்கூடாது. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம். ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொண்ணு அதை அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். இந்த ரெண்டும் கல்லுல குடியேற 4ல இருந்து 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் வெறும் தொட்டியில தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுட்டு, டெஸ்ட் கிட்ல பார்த்துட்டே இருங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் ஆகி அப்படியே நின்னாத்தான் மீன். டெஸ்டிங் முடியாம புரொடக்ஷனுக்குத் தள்ளினா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவா வேணும்? இங்க ரோல்பேக் கிடையாது.

காசு செலவில்லாம இன்னைக்கே ஆரம்பிக்கணும்னா, தொட்டி வைக்கப் போற இடத்துல ஒரு பக்கெட் தண்ணி வச்சு, ஒரு வாரம் மத்தியானம் 3 மணிக்கு தெர்மாமீட்டர்ல பாருங்க. வெயில் காலத்துல பார்த்தா இன்னும் நல்லது. 30ஐத் தாண்டுதுன்னா வேற இடம் பாருங்க, இல்லாட்டி சில்லருக்குக் காசு சேருங்க. அந்த ஏழு நம்பரையும் எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அதை வச்சே பேசுவோம்.