பரங்கிக்காய்ச் சீஸ் கேக்: ஒரு பண்டிகைப் பலகாரமும் அதன் பயிரும்

ஒரு காய்க்கு நல்ல கிராக்கி ஏற்படுவது மகசூலை மட்டும் பொறுத்ததன்று. மக்கள் அதனை எந்நாளில், எவ்வகைப் பதார்த்தமாக்கி உண்கின்றனர் என்பதையும் பொறுத்ததாகும். ஐக்கிய அமெரிக்க நாட்டில் பரங்கிக்காய் அடைந்துள்ள நிலைமை இதற்குத் தக்க சான்று. அங்கு 1863-இல் ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட பிரகடனத்திற்குப் பின் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டு வரும் நன்றியறிதல் திருநாள், 1941-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமைக்கு உரியதாயிற்று. அன்றைய விருந்தின் முடிவில் பரங்கிக்காய் சேர்ந்த இனிப்பு ஒன்று பரிமாறப்படுவது வழக்கம். அவ்வினிப்புகளுள் கொழுப்புக் குறைத்துச் செய்யப்படும் சீஸ் கேக்கின் பக்குவமும், அதற்கு ஆதாரமான பயிரின் செய்தியும் விவசாயிகள் அறியத் தக்கனவாம்.

பயிரின் வரலாறு

பூசணி இனத்திற்கு அமெரிக்கக் கண்டமே தாயகம். மெக்ஸிகோ நாட்டின் ஓஹாகா பிரதேசத்துக் குகையொன்றில் கிடைத்த விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தமிழ்நாட்டில் மேனாட்டாரைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல்லே இக்காய்க்குப் பெயராக வழங்குவது, இது கடல் கடந்து வந்த பயிர் என்பதை நினைவூட்டும். கொங்கு நாட்டார் இதனையே அரசாணிக்காய் என்பர்.

அமெரிக்காவில் திருவிழா அலங்காரத்திற்குக் குடையப்படும் செம்மஞ்சள் நிறக் காய் வேறு. உணவுக்கென டப்பாக்களில் அடைக்கப்படும் காய் வேறு. முன்னது நீர்த்த சதையும் நாரும் மிகுந்தது. பின்னது பெரும்பாலும் டிக்கின்சன் என்னும் ரகம். வெளிறிய பழுப்புத் தோலும், கெட்டியான இனிய சதையும் கொண்ட இந்த ரகம், நம் நாட்டுப் பரங்கியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகையால் பலகாரத்திற்குக் காய் தேர்ந்தெடுப்போர் பருமனையும் நிறத்தையும் பாராமல், சதையின் கெட்டியையே பார்க்க வேண்டும்.

ஒரே பருவத்தை நம்பிய சாகுபடி

டப்பாக்களுக்கான பரங்கியில் மிகப் பெரும்பகுதி இல்லினாய் மாகாணத்தில், பியோரியா நகரைச் சுற்றியுள்ள நிலங்களில் விளைகிறது. அதன் அருகிலுள்ள மார்ட்டன் என்னும் ஊரில் இதற்கான பெரிய ஆலை உள்ளது. வசந்த காலத்தில் விதைக்கப்படும் பயிர், ஆகஸ்டு தொடங்கி இலையுதிர் காலம் முழுவதும் அறுவடையாகிறது. ஆண்டு முழுவதற்குமான சரக்கு அச்சில வாரங்களிலேயே ஆலைக்கு வந்து சேர வேண்டும். அதில் பெரும்பகுதி விற்பனையாவதும் பண்டிகைக் காலத்திலேயே.

இவ்வேற்பாட்டின் அபாயம் 2009-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் பெய்த அடைமழையால் நிலங்கள் சேறாகி, இயந்திரங்கள் உள்ளே செல்ல இயலாமற் போயின. முற்றிய காய்கள் கொடியிலேயே தங்கிவிட்டன. பண்டிகை நெருங்கிய வேளையில் டப்பாக்களுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. மீண்டும் 2015-இல், கோடையின் தொடக்கத்தில் பெய்த மிகுமழையால் மகசூல் குன்றியது. ஒரே வட்டாரத்தையும் ஒரே பருவத்தையும் நம்பி நிற்கும் சாகுபடிக்கு ஒரு மாத மழையே கேடாகும் என்பது இதனால் விளங்கும். முழுக்காயை வேகவைத்து விழுதாக்கத் தெரிந்த குடும்பத்தாருக்கு அத்தகைய ஆண்டிலும் பலகாரம் தடைப்படுவதில்லை. அதனாலேயே இங்குக் கூறப்படும் பக்குவம் முழுக்காயிலிருந்து தொடங்குகிறது.

கொழுப்பைக் குறைக்கும் வழி

சீஸ் கேக் என்பது கிரீம் சீஸ் என்னும் புளிப்பேறிய மெதுவான பாலாடைக்கட்டியுடன் முட்டையும் சர்க்கரையும் கலந்து வேகவைக்கப்படுவது. அந்நாட்டுச் சட்டப்படி கிரீம் சீஸில் கொழுப்பு 33 சதவீதத்திற்குக் குறையலாகாது. நியூஷாட்டெல் எனப்படும் கட்டியிலோ அது 20 முதல் 33 சதவீதத்திற்குள் நிற்கும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 23 சதவீதம் அளவினது. சாதாரண முறையில் 680 கிராம் கிரீம் சீஸ் இட்டால், அதிலிருந்து மட்டும் சுமார் 225 கிராம் கொழுப்புச் சேரும். அதற்குப் பதிலாக நியூஷாட்டெல் 450 கிராம் இட்டு, எஞ்சிய அளவைப் பரங்கி விழுதாலும் வடித்த தயிராலும் நிரப்பினால், பாலாடைக்கட்டியால் வரும் கொழுப்பு சுமார் 105 கிராமாகக் குறைகிறது. பரங்கியிலோ கொழுப்பு மிகச் சொற்பம்.

ஆனால் கொழுப்பைக் குறைத்த மாத்திரத்தில் பலகாரம் நன்றாக அமைந்துவிடாது. பரங்கி விழுதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீரே. அந்நீரைப் போக்காமல் கலந்தால் கேக் கசிந்து தொய்ந்துவிடும். விழுதைச் சுண்டக் காய்ச்சுவதும், தயிரை வடிப்பதும், சிறிது மாவுச்சத்துச் சேர்ப்பதும் இக்காரணம் பற்றியே.

சேர்மானங்கள் (12 துண்டுகளுக்கு)

அடித்தளத்திற்கு: பொடித்த முழுக்கோதுமை பிஸ்கோத்து 120 கிராம், உருக்கிய வெண்ணெய் 30 கிராம், ஒரு முட்டையின் வெண்கரு.

மேற்கலவைக்கு: பரங்கி விழுது 425 கிராம், நியூஷாட்டெல் கட்டி 450 கிராம், ஆடை நீக்கிய பாலில் தோய்த்து வடித்த தயிர் 150 கிராம், சர்க்கரை 150 கிராம், முழு முட்டை 2, வெண்கரு மட்டும் 2, மக்காச்சோள மாவுச்சத்து 2 மேசைக்கரண்டி, இலவங்கப்பட்டைப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய், கிராம்புப் பொடிகள் வகைக்கு ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை

1. காயை இரண்டாகப் பிளந்து விதை நீக்கி, வெட்டிய பக்கம் கீழாக வைத்து ஓவன் அடுப்பில் 190 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் வேகவிடுக. சதையை வழித்து மசித்து, அகன்ற பாத்திரத்தில் இடைவிடாது கிளறி, 425 கிராம் 300 கிராமாகும்வரை சுண்டவைத்து ஆறவிடுக.

2. பிஸ்கோத்துப் பொடியை வெண்ணெயுடனும் வெண்கருவுடனும் பிசறி, பக்கவளையம் கழலக்கூடிய 23 செண்டிமீட்டர் வட்டத் தகர அச்சில் அழுத்தி, 175 டிகிரியில் 10 நிமிஷம் வைத்தெடுக்க.

3. குளிர் நீங்கிய பாலாடைக்கட்டியைச் சர்க்கரையுடன் கட்டியின்றிக் கடைந்து, தயிர், விழுது, மாவுச்சத்து, உப்பு, வாசனைப் பொடிகளைச் சேர்க்க. முட்டைகளை இறுதியில் சேர்த்து, கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதிகம் அடித்தால் காற்றுப் புகுந்து, வேகும்போது உப்பிப் பின்னர் வெடிப்புக் காணும்.

4. கலவையை அச்சில் வார்த்து, 160 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வேகவிடுக. ஓரம் இறுகி, நடுவில் கையகல இடம் சற்றே அசைய வேண்டும். உஷ்ணமானி உடையோர் நடுப்பாகம் 71 டிகிரி எட்டியதும் அடுப்பை அணைத்துவிடலாம். அடுப்பின் கதவைச் சிறிது திறந்து வைத்து, ஒரு மணி நேரம் உள்ளேயே ஆறவிடுக.

5. பின்னர் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் துண்டு செய்க. குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் மூன்று நான்கு நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

சேமிப்பில் எச்சரிக்கை

காயைக் காம்புடன் அறுத்து, தோல் கீறாமல், ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று படாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கெடாது. மிகுந்த விழுதை உறைபெட்டியில் வைக்கலாம். ஆனால் வீட்டில் விழுதைப் புட்டிகளில் அடைத்து வைத்தல் ஆகாது. விழுது கெட்டியாயிருப்பதால் உட்புறம்வரை வெப்பம் செல்லாது; பொட்டுலிஸம் என்னும் நோயை விளைவிக்கும் உயிர்க்கொல்லி நஞ்சு உண்டாகலாம். அமெரிக்க விவசாய இலாகாவும் இதனைத் தவிர்க்குமாறே கூறுகிறது.

பரங்கி விலையற்ற காய் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. பால்பண்ணையின் கட்டியும் கோழிப்பண்ணையின் முட்டையும் அதனோடு சேரும்போது, அது விருந்தின் முடிவில் எதிர்பார்க்கப்படும் பதார்த்தமாகிறது. பயிரிடுவோர் ரகத்தையும் சேமிப்பையும் கவனித்து, ஒரே சந்தையை நம்பாமல் காயை நாட்கணக்கில் வைத்து விற்க வழி செய்துகொண்டால், அதன் பயன் அவர்களையே சாரும்.